உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்க அம்மிணி. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா ஆகாது. இந்தப் பைய மட்டும் மடியில வெச்சுக்கறேன், கீழ வெச்சா மிதிச்சுப் போடுவாங்க. இடிச்சாச் சொல்லு.

என்ன வாசம்னு பாக்கறே, அப்படித்தானே? சோப்பு. தேங்காயெண்ணெய் சோப்பு, ஊட்டுலயே பண்றது. வேப்பிலை போட்டது ஆறு, கத்தாழை போட்டது ஆறு. ஒருத்திக்குக் குடுக்கலாம்னு கரூர் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். வேண்டாம்னுட்டா. அதான் திரும்பி எங்கூடவே வருது.

நீ எங்க எறங்கறே? வெள்ளக்கோயிலா? நான் காங்கயம். அப்ப ஒரு மணி நேரம் இருக்குது. நீ தூங்கறதுன்னாத் தூங்கு, நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன். பேசாம வந்தா எனக்கு நெஞ்ச அடைக்குது இன்னிக்கு.

பேரு கேக்கறியா? கோகிலாமணி. காங்கயத்துல கோகிலா சோப்புன்னு கேளு, டீச்சரம்மா, பேங்க் அம்மா எல்லாருக்கும் தெரியும். பத்துப் பன்னெண்டு வருசமாப் பண்றேன். நானா கத்துக்கிட்டதுன்னுதான் எல்லார்த்துகிட்டயும் சொல்றது. உங்கிட்ட எதுக்குப் பொய்யி, நீ வெள்ளக்கோயில்ல எறங்கிப் போயிருவே. எனக்குக் கத்துக் குடுத்தவ பூரணி. அவளைப் பாக்கத்தான் போனேன்.

பூரணி எங்கூட்டுப் பின்னாடி ரெண்டு ரூமு இருக்குதே, அதுக்குக் குடி வந்தவ. வாடகைக்கு. அவ ஊட்டுக்காரன் பழனிவேலு லாரி ஓட்டறவன், மாசத்துல நாலு நாளு ஊட்டுல இருந்தா ஜாஸ்தி. கல்யாணமாகி ஏழு வருசம், கொழந்தையில்ல. அவ பொறந்த ஊர்ல மகளிர் குழுவுல சோப்புப் பண்றதுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க, அதக் கத்துக்கிட்டு வந்தவ. எங்கூட்டுக்காரர் அப்ப எண்ணெய் மில்லுல சூப்பர்வைசர். எண்ணெய் எங்கூட்ல இருக்குது, கைப்பக்குவம் அவகிட்ட இருக்குது. "அக்கா, ரெண்டு பேருஞ் சேந்து பண்ணுவமா?"ன்னு அவதான் கேட்டா.

எண்ணெய் மட்டும் இருந்தா சோப்பாயிருமா? ஆகாது. காஸ்டிக் வேணும். காஸ்டிக் சோடான்னு சொல்லுவாங்க. உனக்குத் தெரியுமா? அட, பாத்திருக்கமாட்டே. வெள்ளையா, கொரகொரன்னு, பாக்கறதுக்குக் கல்லுப்பு மாதிரியே இருக்கும். தொட்டாத் தோல அரிச்சுப் போடும். தண்ணியில போட்டா அடுப்பு இல்லாமயே சூடேறும், ஆவி கெளம்பும், மூச்ச அடைக்கும். அந்தத் தண்ணிய ஆறவெச்சு எண்ணெயில ஊத்திக் கலக்கிக்கிட்டே இருந்தா கூழாட்டம் எறுகும். அச்சுல ஊத்தி நாலு வாரம் காயவெக்கோணும். அவ்வளவுதான் சோப்பு. எந்தச் சோப்பும் அப்படித்தான்.

அத வாங்கறது ஒரு பெரும்பாடு. திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு விக்கற ஒரு கெமிக்கல் கடை. கடைக்காரர் வயசானவரு. நான் மொதோ தடவ தனியாப் போயிக் கேட்டேன். மேலயுங் கீழயும் பாத்தாரு. "எதுக்கும்மா?"ன்னாரு. சோப்புக்குன்னேன். "ஊட்டுல சண்டையா?"ன்னாரு. எனக்கு வந்ததே கோவம்! "பொம்பளை தனியா வந்து காஸ்டிக் கேட்டா எம் பொண்ணுக்கே குடுக்கமாட்டேன் தாயி. ரெண்டு பேரா வாங்க. ஒருத்தி கிறுக்குத்தனம் பண்ணப் போனா இன்னொருத்தி கையப் புடிப்பா"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மறுநாளு பூரணியக் கூட்டிட்டுப் போனேன். அப்பக் குடுத்தாரு. பஸ்ஸுல வர்றப்ப சிரிச்ச சிரிப்பு இருக்குதே, கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாக்கறான். அவ எங்கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, இனிமே நான் உங்களக் காவல் காக்கோணும், நீங்க என்னையக் காக்கோணும், கடைக்காரர் உத்தரவு"ங்கறா. அன்னிலிருந்து எப்பப் போனாலும் ரெண்டு பேருந்தான்.

அவ ரொம்பக் கறார் அம்மிணி. காஸ்டிக் விசயத்துல மட்டும் எங்கிட்டயே அதட்டிப் பேசுவா. ஈரம் படக்கூடாது, பட்டா வேர்த்துக் கட்டியாயிரும். நல்ல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுலதான் வெக்கோணும். அலுமினியம் பக்கமே கொண்டு போகக்கூடாது, அலுமினியத்த அப்படியே தின்னு போடும், நொரை தள்ளிக் கறுத்துப் போகும். மேல பேரு எழுதி ஒட்டோணும். மேல அட்டாலிப் பரண்ல ஏத்திப் பூட்டோணும். இதெல்லாம் அவ சட்டம்.

பேரு எழுதறதுலதான் எங்களுக்குள்ள தகராறு. நான் சோப்பு மேல ஒட்டறதுக்கு ஸ்டிக்கர் அடிச்சிருந்தேன், பச்சைக் கலர்ல, எல போட்டு, 'ரசாயனம் கலக்காதது'ன்னு. அத வெச்சுத்தான் யாவாரமே ஓடுச்சு. அவ அதப் பாத்துட்டு, "காஸ்டிக் இல்லாம சோப்பு ஏதுக்கா? பொய்யில்ல இது?"ன்னா. நான் சொன்னேன், "எண்ணெயும் காஸ்டிக்கும் சேந்து சோப்பாயிருது, அப்பறம் அதுல காஸ்டிக் எங்கடி இருக்குது? நாலு வாரம் காஞ்சா ஒண்ணும் இருக்காதுன்னு நீதானே சொன்னே?" நான் சொன்னதுல தப்பிருக்குதா சொல்லு.  ஆனா அவ ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு மட்டும் கை குடுக்கமாட்டா. அத நாந்தான் ஒட்டுவேன்.

அப்பறம் எப்படி டப்பா மேல காஸ்டிக்குன்னு எழுதி வெக்கறது? டீச்சரம்மாவெல்லாம் நேரா அடுப்படிக்கே வந்து, "எப்படிப் பண்றீங்க பாக்கலாமா?"ம்பாங்க. எம் மாமியாருக்கே தெரியாது. அவிய ஊரெல்லாம், "எங்க மருமக பண்றதுல ஒரு கெமிக்கல் இல்லீங்க, எண்ணெயும் எலையுந்தான்"னு பெருமை பேசுவாங்க. சோடாப்புன்னு ஏதோ போடறோம்னு நெனச்சுக்கிட்டிருந்தாங்க. நானுந் திருத்தல.

அந்த வருசம் ஐப்பசி மழை விடவே இல்ல. பிளாஸ்டிக் டப்பா மூடி வெடிச்சுப் போச்சு. தெறந்து பாக்கறேன், காஸ்டிக் வேர்த்து நிக்குது. அரைக் கிலோவுக்கு மேல இருக்குது, போட மனசு வருமா? எங்கல்யாணச் சீருல ரெண்டு பீங்கான் ஜாடி வந்துது, ஒரே அளவு, ஒரே கலரு, மேல வெள்ள கீழ காப்பிக் கலரு. ஒண்ணுல உப்பு. இன்னொண்ணுல ஊறுகா இருந்து தீந்து போச்சு. கழுவி, காயவெச்சு, அதுல காஸ்டிக்கக் கொட்டி மூடினேன். அட்டாலியில ஏத்தோணும். அன்னிக்கு இடுப்புப் புடிச்சிருந்துது, ஏணியில ஏற முடியல. சித்த நேரத்துக்குத்தானேன்னு உப்பு ஜாடிக்குப் பக்கத்துல வெச்சேன்.

சித்த நேரம் பதினோரு நாளாச்சு.

பூரணி வந்து பாத்துட்டு, "என்னக்கா இது? மேல வைங்க. இல்லீனா ஒரு செவப்புத் துணியாச்சும் கட்டுங்க. யாழினி ஓடியாடற எடம்"னா. நாளைக்கு வெக்கறேண்டின்னேன். நானே ஏத்தறேங்கக்கான்னா. இருடி, எங்கூட்டு அடுப்படியில என்னையத் தவிர யாரு வரப் போறான்னேன். கொஞ்சம் வெடுக்குன்னுதான் சொல்லியிருப்பேன். எங்கூட்டு அடுப்படிதானே?

யாழினி எம் பொண்ணு. அப்ப மூணு வயசு. நான் பெத்தேன், வளத்தினது பூரணிதான்னு வெச்சுக்க. எந்நேரமும் அவ இடுப்புலதான். "பூரிம்மா, பூரிம்மா"ம்பா. எங்கிட்டச் சோறுண்ணமாட்டா, பூரிம்மா ஊட்டோணும். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல. கொஞ்சம் இருந்துதோ என்னமோ. எம் மாமியாருக்கு இருந்துது. "புள்ளையில்லாதவ இப்படி மோந்து மோந்து பாக்கறாளே"ம்பாங்க. நான் ஒரு வார்த்த சொன்னதில்ல. அவளப் பத்தி நான் ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல, அத மட்டும் நீ மனசுல வெச்சுக்க.

கார்த்திக மாசம் ஒரு வெள்ளிக்கெழம. புள்ளைக்குக் காய்ச்சல், அனலாக் கொதிக்குது. எங்கூட்டுக்காரர் மில்லுல. நான் திருப்பூர்ல ஒரு கடைக்குச் சோப்புக் குடுக்கப் போயிட்டேன். மத்தியானம் பூரணிதான் புள்ளையத் தூக்கிட்டு, மழையில கொடையப் புடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருக்கா. ஊசி போட்டு, மருந்து எழுதி வாங்கிக் குடுத்திருக்கா. ராத்திரிக்குள்ள காய்ச்சல் எறங்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் வந்து சேர்றப்ப வெளக்கு வெக்கற நேரம். வாங்கி மடியில போட்டுக்கிட்டேன், புள்ள தொவண்டு கெடக்குது. எதுத்தூட்டுச் சம்பூர்ணம் வந்து உக்காந்திருக்கா. இன்னும் ரெண்டு பொம்பளைக. எம் மாமியார் சொன்னாங்க, "எல்லாம் கண்ணு. உப்புச் சுத்திப் போட்டாத்தான் ஆகும்"னு.

சொல்லிட்டு அவியளே எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாங்க. அவியளுக்குக் கண்ணுல பொறை, மூஞ்சியே மங்கலாத்தான் தெரியும். கையத் தடவித்தான் நடப்பாங்க. நான் முன்கட்டு ஆசாரத்துல புள்ளைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஜாடி மூடியத் தெறக்கற சத்தங் கேக்குது. உப்பு ஜாடிதான்னு நெனச்சேன். நெனைக்கவே இல்ல, அதான் நெசம். ஒரு கை அள்ளிக்கிட்டு, இன்னொரு கையில அலுமினியப் போசியில கொஞ்சமாத் தண்ணி எடுத்துட்டு வந்தாங்க.

புள்ள தலையச் சுத்தி இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. "ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, வந்தவ கண்ணு, போனவ கண்ணு, எல்லாம் இந்த உப்பாட்டக் கரஞ்சு போகட்டும்"னு சொல்லிக்கிட்டே சுத்தறாங்க. பாதியிலயே, "கையெல்லாம் எரியுதே"ன்னாங்க. சம்பூர்ணம் கன்னத்துல போட்டுக்கிட்டா. சுத்தி முடிச்சு அப்படியே போசியில போட்டாங்க.

எத்தன பேரு உப்புச் சுத்திப் போட்டு நீ பாத்திருப்பே. உப்பு என்ன பண்ணும்? கரையும். அன்னிக்கு அது கரையல அம்மிணி. உஸ்ஸுன்னு பாம்பாட்டச் சீறுச்சு. தண்ணி கொதிச்சு நொரை தள்ளிப் போசி வாயி வரைக்கும் பொங்குது. பொகை கெளம்புது. வெள்ளைப் போசி கண்ணு முன்னாடியே கறுத்துப் போகுது. ஒருத்தி "மாரியாத்தா!"ன்னு கத்திட்டு வாசலுக்கே ஓடிட்டா. எம் மாமியார் அப்படியே உக்காந்துட்டாங்க, கையி செக்கச் செவேல்னு இருக்குது. நான் ஒடனே மோரு கொண்டாந்து ஊத்தினேன், தண்ணியில அலசிவிட்டேன். அப்படியும் உள்ளங்கையி பூராக் கொப்புளம்.

சம்பூர்ணந்தான் மொதல்ல பேசினா. "இத்தன பெரிய கண்ண எங்காயுசுல பாத்ததில்ல. இந்த ஊட்டுக்குள்ள புள்ளையில்லாதவ யாரு வந்து போறாளோ அவளத்தான் கேக்கோணும்." அப்படின்னா.

பூரணி பொறக்கடைக் கதவு நெலவோரம் நின்னுக்கிட்டிருந்தா. கையில மருந்துச் சீட்டு. அடுத்த வேளை மருந்து எப்பக் குடுக்கோணும்னு சொல்லறதுக்கு வந்தவ. எல்லாரும் அவளத் திரும்பிப் பாத்தாங்க. அவ யாரையும் பாக்கல. என்னையப் பாத்தா.

நான் புள்ளைய நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டேன். காய்ச்சல்கார புள்ள, பயந்து அழுகுது. பெத்தவ அணைக்கமாட்டாளா? நான் என்ன தப்புப் பண்ணினேன்? ஒரு வார்த்த சொல்லல. சம்பூர்ணம் சொன்னா, எம் மாமியார் சொன்னாங்க, அந்தப் பொம்பளைக சொன்னாங்க. நான் ஒரு வார்த்த சொல்லல.

விடியறப்பக் காய்ச்சல் எறங்கிருச்சு. மருந்து கேட்டுதுன்னு ஒருத்தருஞ் சொல்லல. சுத்திப் போட்டதுலதான் எறங்குச்சுன்னாங்க. எம் மாமியார் கையப் பாக்கறதுக்குன்னே ஊட்டுக்கு ஆளுக வந்தாங்க அம்மிணி, ஆசுபத்திரியில நோயாளியப் பாக்க வர்றாப்பல. அவியளும் கட்டப் பிரிச்சுப் பிரிச்சுக் காட்டுவாங்க. "இது அவ கண்ணு"ம்பாங்க.

எனக்கு அன்னிக்குத் தெரியாது. மறுநாளுக் காத்தால உப்பெடுக்கப் போனப்பத்தான் பாக்கறேன், காஸ்டிக் ஜாடி மூடி சாஞ்சு கெடக்குது, உப்பு ஜாடி மூடுனது மூடுனபடி இருக்குது. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுது. அப்படித்தான் இத்தன வருசம் எனக்கு நானே சொல்லிட்டு வர்றேன்.

மறுநாளுத் தெரிஞ்சவ அன்னிக்குப் பொழுதோடயே எதுக்கு அந்தப் போசியக் கொண்டு போயிக் குப்பக்குழியில பொதச்சே, எதுக்கு அவிய கையில அத்தன அவசரமா மோரு ஊத்தினே, இதெல்லாம் நீ கேக்கல. நானாத்தான் சொல்றேன். அந்த உஸ்ஸுன்னு சத்தங் கேட்டப்பவே எனக்குத் தெரியும். அந்த நெடி மூக்குல ஏறினப்பவே தெரியும். அவ என்னையப் பாத்தப்ப நான் எதுக்குத் தலையக் குனிஞ்சேன்? தெரிஞ்சதுனாலதான்.

சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்றது, நீயே சொல்லு. மூணு வயசுப் புள்ள இருக்கற ஊட்டுல வெசத்த உப்புக்குப் பக்கத்துல வெச்சிருந்தியாடின்னு எங்கூட்டுக்காரர் என்னைய உசுரோட விட்டிருப்பாரா? எம் மாமியாரு? அந்தச் சம்பூர்ணம் வாயி காங்கயம் பூராப் போகும், கோகிலா சோப்புல காஸ்டிக் இருக்குதுன்னு. ஒரு வாரம் போகட்டும், எல்லாரும் ஆறின பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நெசமாலுமே சொல்லத்தான் இருந்தேன்.

ஆறாவது நாளு எங்கூட்டுக்காரர் பூரணி குடும்பத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. தெருவுல ஒருத்தரும் அவகிட்டப் பேசறதில்ல. கொழந்தைகளத் தூக்கிக்கிட்டுக் கதவச் சாத்திக்கறாங்க. தண்ணிக் கொழாயில அவ கொடம் வெச்சா மத்த கொடமெல்லாம் நகந்துக்குது. பழனிவேலு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு லாரியில சாமானத்த ஏத்தறான். அவ எங்கிட்டச் சொல்லிக்கறதுக்கு வந்தா. வாசப்படி ஏறல. கீழயே நின்னா. "அக்கா, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?"ன்னா.

"போயிச் சேந்துட்டுப் போன் பண்ணு"ன்னேன்.

 சரிங்கக்கான்னா. போயிட்டா. யாழினி உள்ள அழுதுக்கிட்டிருந்துது.

அப்பறம் அங்கங்க காதுல விழும். தாராபுரத்துல பழனிவேலு அம்மாவுக்குச் சேதி போயிருச்சு. அவளப் பாத்தாத் தண்ணி கொதிக்குமாம்னு. சும்மாவே கொழந்தையில்லன்னு கரிச்சுக் கொட்டறவங்க. ரெண்டு வருசத்துல பையனுக்கு வேற கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. அவன் எப்படியும் அதத்தான் பண்ணியிருப்பான் அம்மிணி. லாரிக்காரன். எல்லாப் பழியையும் எந்தலையில போட முடியாது.

கெமிக்கல் கடைக்காரர் கூடக் கேட்டாரு, "அந்தம்மா எங்க?"ன்னு. வேலைக்குப் போயிட்டான்னேன். அதுக்கப்பறம் எங்கூட்டுக்காரர் தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன். இப்பெல்லாம் நான் காஸ்டிக்க எத்தன பத்தரமா வெக்கறேன் தெரியுமா? மொட்ட மாடியில தனியா ஒரு இரும்பு அலமாரி. ரெட்ட மூடி டப்பா. டப்பா மேல செவப்புல மண்டையோடு படம் ஒட்டியிருக்கேன். சாவி எந்தாலிக்கொடியில. அவ சொன்ன சட்டம் ஒண்ணு விடல.

என்ன, எறங்கோணுமா? ஓ, இது முத்தூர்ப் பிரிவு. இன்னும் இருக்குது.

இந்தத் தை மாசம் எம் மாமியார் போயிச் சேந்துட்டாங்க. கடைசி வரைக்கும் அந்தக் கை மழமழன்னு ஒரு தழும்போடதான் இருந்துது. சாகறதுக்கு நாலு நாளு முன்னாடி கூடப் பாக்க வந்தவங்ககிட்டக் காட்டினாங்க. அவிய போயிட்டாங்க. இனி நான் யாருக்குப் பயப்படோணும்? எல்லாத்தையுஞ் சரி பண்ணிரலாம்னு தோணுச்சு. அதோட யாழினி பெரியவளாயிட்டா. வர்ற மாசம் தெரட்டிச் சீரு. பத்திரிக அடிச்சாச்சு. மொதோ பத்திரிக பூரணிக்குத்தான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். பெருமையாத்தான் இருந்துது எனக்கு.

அவ இப்பக் கரூர்ல ஒரு பெட்ஷீட் கம்பெனியில செக்கிங் வேல பாக்கறா. லைன் ஊட்டுல ஒரே ரூமு. நான் போயிக் கூப்பிட்டேன். "வாங்கக்கா"ன்னா. பத்து வருசம் பாக்காதவளாட்டமே இல்ல, நேத்துப் பாத்தவளாட்டம். தலையெல்லாம் நரச்சுப் போச்சு. என்னைய விட நாலு வயசு எளையவ. பாய் போட்டா, காப்பி வெச்சுக் குடுத்தா.

நான் சோப்ப எடுத்து வெச்சேன். பச்சை ஸ்டிக்கரப் பாத்தா. "நான் இப்ப கடைச் சோப்புத்தாங்கக்கா போடறது"ன்னு எம் பக்கமே தள்ளிவிட்டா. அப்பறம் மூச்சப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். "பூரணி, அன்னிக்குப் போசியில கொதிச்சது காஸ்டிக்குடி. எம் மாமியார் ஜாடி மாத்தி எடுத்துட்டாங்க."

"தெரியுங்கக்கா"ன்னா.

"எப்பத் தெரியும்?"

"சத்தங் கேட்டப்பவே."

எனக்கு வந்துது பாரு ஆத்தரம். "அப்பறம் எதுக்குடி வாயத் தெறக்காம நின்னே? நீயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"ன்னு கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "புள்ளையில்லாதவ தன்னக் காப்பாத்திக்கறதுக்கு மாமியார் மேலயும் மருமக மேலயும் பழி போடறாம்பாங்க. நான் சொன்னா எடுபடாதுங்கக்கா. நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன். வண்டியில ஏர்ற வரைக்கும் நின்னேன்." அவ்வளவுதான். அழுகல, திட்டல. திட்டியிருந்தாப் பரவால்ல.

"சரி, போனது போகட்டும், யாழினி சீருக்கு வந்துருடி. நீதான் முன்னாடி நிக்கோணும்"னு பத்திரிகய நீட்டினேன். அவ கேட்டா, "அங்க வெச்சு எல்லார்த்துகிட்டயும் சொல்லுவீங்களாக்கா? அது காஸ்டிக்குன்னு?"

நான் அத யோசிக்கல அம்மிணி. சம்பூர்ணம் வருவா, டீச்சரம்மா வருவாங்க, எங்கூட்டுக்காரர் இருப்பாரு. யாழினிக்கு நாளைக்கு மாப்பிள்ள பாக்கறப்ப, அம்மாக்காரி இப்படியாப்பட்டவன்னு வராதா? "உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும், அது போதாதா? அத்தனை பேருக்கு முன்னாடி எதுக்குடி?"ன்னேன். அவ பத்திரிகய வாங்கிப் பிரிச்சுக்கூடப் பாக்காம சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சா. "நல்லாச் செய்யுங்கக்கா"ன்னா.

அந்நேரம் பக்கத்தூட்டுக் கொழந்த ஒண்ணு, ஒண்ணரை வயசிருக்கும், தத்தக்கா பித்தக்கான்னு நடந்து உள்ள வந்துது. பூரணி சடக்குன்னு எந்திரிச்சா. செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டா. கொழந்த அவ சேலையப் புடிச்சு இழுக்குது, அவ திரும்பவே இல்ல. கொழந்தையோட அம்மா வந்து தூக்கிட்டுப் போற வரைக்கும் செவுத்தோடயே நின்னா.

"என்னடி இது?"ன்னேன்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. பழகிப் போச்சு."

"நீ வேணும்னா யாழினி போட்டோவப் பாரு, உன்ற பூரிம்மாப் புள்ள எப்படி வளந்துட்டா பாரு"ன்னு போன எடுத்து நீட்டினேன். பாவாட தாவணியில எடுத்தது, மகாலட்சுமியாட்ட இருப்பா. அவ ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டா. "வேண்டாங்கக்கா. சீரு வெச்சிருக்கீங்க. எடுத்துருங்க. ஏதாச்சும் ஆயிரப் போகுது"ங்கறா.

"கிறுக்கி, அது காஸ்டிக்குன்னு தெரியும்னு நீதானேடி இப்பச் சொன்னே?"

"தெரியுங்கக்கா. தெரிஞ்சு என்ன பண்றது? பத்து வருசமா எல்லாருஞ் சொல்லிட்டாங்க. அந்தக் கொழந்தைக்குப் போன மாசம் வாந்தி பேதி. ராத்திரியெல்லாம் நான் தூங்கல, நான் பாத்துட்டனோ, பாத்துட்டனோன்னு." மூஞ்சிய மூடின கையை எடுக்காமயே சொல்றா.

 அவ கையப் புடிச்சு எறக்கியிருக்கோணும். பாருடி, எம் புள்ளைய நல்லாப் பாருன்னு அவ மூஞ்சிக்கு முன்னாடி காட்டியிருக்கோணும். அதுக்குத்தானே அத்தன தூரம் போனேன்?

நான் போன அணைச்சுப் பைக்குள்ள போட்டேன் அம்மிணி. எல்லாந் தெரிஞ்சவ நானு. அந்த ஜாடிய எங்கையால அங்க வெச்சவ நானு. போனப் பைக்குள்ள போடறப்ப என்ற மனசு சொல்லுது, நல்லவேள, அவ பாக்கல.